பூச்சியத்துக்குக் கீழே மூன்று அடி

துறைமுகப் பகுதிப் பொலிஸ் நிலையம், திருகோணமலை. திகதி 2025.03.21, வெள்ளிக்கிழமை. நேரம் முற்பகல் 9.25. இது 2025.03.13 அன்று பெறப்பட்ட வாக்குமூலத்தைத் தொடர்ந்து அதே சாட்சி வழங்கும் மேலதிக வாக்குமூலம். பதிபவர் பொலிஸ் சார்ஜன்ட் பாக்கியரத்தினம். சாட்சி அழைக்கப்படாமல் தானாக வந்தவர். தன் சொற்களை மாற்றாமல் எழுதவேண்டும் என்று அவர் பலமுறை வற்புறுத்தியதால், இயன்றவரை அவர் பேசியவாறே எழுதப்பட்டது.

என்ர பெயர் தில்லைநாதன் கௌசிகா. வயது முப்பத்திரண்டு. பாலையூற்றில அம்மாவோடயும் தம்பியோடயும் இருக்கிறன். முகவரி முதல் தந்ததுதான், மாறேல்ல. திருகோணமலை ரவுணில சிவகுருநாதன் சேர் நடத்துற சின்னக் கம்பனி ஒண்டில ஒன்பது வருசமா புரோகிராம் எழுதுறன். மெசினுகளுக்குள்ள ஒரு சின்னக் கொம்பியூட்டர் போர்ட் இருக்கும். அது எப்ப ஓடவேணும், எப்ப நிக்கவேணும் எண்டு எழுதிக் குடுக்கிறதுதான் என்ர வேலை.

இந்த மாதம் பதின்மூண்டாம் திகதி இதே கதிரையில இருந்து, இதே சார்ஜன்ட் ஐயாவிட்ட நான் ஒரு வாக்குமூலம் குடுத்தனான். அதை வச்சுத்தான் பாயிஸ் எண்ட மனுசனை நீதவான் விளக்கமறியலுக்கு அனுப்பினவர். அந்த வாக்குமூலத்தில ஒரு சொல் பிழை. அதைத் திருத்தத்தான் வந்தனான். வாற திங்கட்கிழமை அவற்ற வழக்கைத் திரும்ப எடுக்கினம். அதுக்கு முதல் இது கோட்டுக்குப் போய்ச் சேரவேணும்.

இதைத் தமிழில எழுதி, பிறகு சிங்களத்துக்கு மொழிபெயர்த்துத்தான் மேல போகும், ஆறுதலாச் சொல்லுங்கோ எண்டு சார்ஜன்ட் சொன்னார். ஆறுதலாச் சொல்ல எனக்கு ஏலாது. எட்டு நாளா ஒரு மனுசன் செய்யாத பிழைக்கு, அதுவும் நோன்பு நாளில, உள்ளுக்க இருக்கிறார். எண்டாலும் முதலில இருந்து ஒழுங்காச் சொல்லுறன்.

உள்துறைமுகக் கரையில படகுகளைத் திருத்துறதுக்குத் தரைக்கு இழுத்து ஏத்துற இடம் ஒண்டு இருக்கு. நாங்கள் சிலிப் எண்டு சொல்லுறது. தண்ணிக்குள்ள இருந்து மேல வரைக்கும் ரெண்டு தண்டவாளம், அதுக்கு மேல சில்லுப் பூட்டின இரும்பு வண்டில். பல நாள் கடலில நிண்டு மீன் பிடிக்கிற பலநாள் படகு வண்டிலில ஏறி இருக்கும், மேல இருக்கிற வின்ச் கம்பிக்கயித்தால வண்டிலை இழுக்கும். வின்ச்சுக்குப் பக்கத்தில ஒரு பெட்டி. பெட்டியில பச்சைப் பொத்தான் இழுக்கிறதுக்கு, சிவப்புப் பொத்தான் நிப்பாட்டுறதுக்கு. அந்தப் பெட்டிக்குள்ள இருக்கிற போர்ட்டுக்கு நாலு வருசத்துக்கு முதல் புரோகிராம் எழுதினது நான்.

தண்டவாளத்தின்ர மேல் அந்தத்துக்குக் கிட்ட ஒரு வெள்ளைக் கோடு அடிச்சிருக்கு. அதுதான் பூச்சியம். வண்டில் தண்ணிக்குள்ள ஆகக் கீழ நிக்கேக்க நூற்றுப்பத்து அடி. இழுக்க இழுக்க நூற்றொன்பது, நூற்றெட்டு எண்டு குறைஞ்சு வந்து வெள்ளைக் கோட்டில பூச்சியம் ஆகும். இருபது அடிக்கு மேல இருந்தால் வின்ச் வேகமா இழுக்கும், இருபதுக்குள்ள வந்தால் மெதுவா இழுக்கும். உலகத்தில வேற எந்தச் சிலிப்பிலயும் பூச்சியத்தில நிப்பாட்டுவினம் எண்டுதான் நினைக்கிறன். இஞ்ச அப்பிடி இல்லை. கோடு தாண்டி ரெண்டு முழம் விடுறது இஞ்சத்தைப் பழக்கம். ரெண்டு முழம் கூட ஏறினால்தான் முன் சில்லு மட்டத்தரைக்கு வரும், படகு பின்னால பாரம் குடுக்காமல் நிக்கும். ரெண்டு முழம் எண்டால் மூண்டு அடி. அதால நான் எழுதினது, பூச்சியத்துக்குக் கீழ மூண்டு அடி, அதாவது சய மூண்டு வந்தவுடன வின்ச் தானா நிக்கவேணும் எண்டு. ஒருத்தர் திரும்பப் பச்சையை அமத்தினால்தான் அதைத் தாண்டி இழுக்கும். நாலு வருசமா ஒரு நாளும் பிசகாமல் அப்பிடித்தான் நிண்டது.

பாயிஸ் பெட்டியில நிக்கிறவர். முனாப் கட்டை வைக்கிறவர். படகு மேல வந்தவுடன பின் சில்லுகளுக்குக் கீழ ஆள் உயரத்தில பாதி வாற மரக்கட்டை வைக்கவேணும், ஒரு பக்கத்துக்கு ஒரு ஆள் வேணும். அதால வண்டில் வெள்ளைக் கோட்டைத் தாண்டினவுடன பாயிஸ் பெட்டியை விட்டுட்டு இடப்பக்கக் கட்டைக்குப் போயிடுவார். கடைசி ரெண்டு முழத்தையும் மெசின் பாத்துக்கொள்ளும். நானே அவருக்கு அப்பிடித்தான் சொல்லிக் குடுத்தனான். அவரை அண்ணன் முறையில நானா எண்டுதான் கூப்பிடுறனான். "பாயிஸ் நானா, கோடு தாண்டினால் நீங்கள் போய் உங்கட வேலையைப் பாருங்கோ, அது தானா நிக்கும்" எண்டு என்ர வாயாலதான் சொன்னனான். இதை முதல் வாக்குமூலத்தில நான் சொல்லேல்ல. ஒருத்தரும் கேக்கேல்ல.

போன மார்கழி மழைக்குப் பெட்டிக்குள்ள தண்ணி போய் பழைய போர்ட் பழுதாப் போச்சு. அதே மாதிரிப் போர்ட் இப்ப கடையில இல்லை. கொழும்பில இருந்து புதுமாதிரிப் போர்ட் ஒண்டு எடுப்பிச்சனாங்கள். புதுப் போர்ட்டுக்குப் புதுக் கொம்பைலர் வேணும். கொம்பைலர் எண்டால் என்ன எண்டு சார்ஜன்ட் கேட்டார். நாங்கள் எழுதுறது மெசினுக்கு நேரடியா விளங்காது. அதை மெசினின்ர பாசைக்கு மாத்திக் குடுக்கிற ஒரு மொழிபெயர்ப்பாளர் எண்டு வச்சுக்கொள்ளுங்கோ. அந்த மொழிபெயர்ப்பாளருக்கு ஒரு சட்டப் புத்தகம் இருக்கு, ஸ்டாண்டர்ட் எண்டு சொல்லுறது. இந்தச் சொல்லை இப்பிடித்தான் மாத்தவேணும், அந்தச் சொல்லை அப்பிடித்தான் மாத்தவேணும் எண்டு அதில எழுதியிருக்கு. எந்தக் கம்பனி கொம்பைலர் செய்தாலும் அந்தப் புத்தகப்படிதான் செய்யவேணும்.

பெப்ரவரி இருபத்தாறாம் திகதி பகல், எங்கட கம்பனிக் கந்தோரில இருந்து, பழைய புரோகிராமில ஒரு எழுத்தும் மாத்தாமல் புதுக் கொம்பைலருக்குக் குடுத்தனான். அது மாத்தித் தந்தது. அடுத்த நாள் சிலிப்புக்குக் கொண்டுபோய்ப் பூட்டி, வெறும் வண்டிலை மேலயும் கீழயும் அஞ்சு தரம் ஓட்டிப் பாத்தனாங்கள். பாயிஸும் முனாப்பும் நிண்டவை. அஞ்சு தரமும் வெள்ளைக் கோட்டில பாயிஸ் சிவப்பை அமத்தி நிப்பாட்டினவர். வெறும் வண்டிலுக்கு ரெண்டு முழம் விடுறதில்லை, படகுக்குத்தான் விடுறது. அதுவும் இஞ்சத்தைப் பழக்கம்தான். நானும் பக்கத்தில நிண்டு சரி, சரி எண்டு எழுதிக்கொண்டு வந்தனான். ஐயோ, ஒரேயொரு தரம் கோட்டைத் தாண்ட விட்டுப் பாத்திருந்தால் இண்டைக்கு இந்தக் கதிரையில இருக்கமாட்டன்.

அதுக்குப் பிறகு தண்டவாளம் திருத்துற வேலை நடந்ததால மார்ச் பத்து வரைக்கும் சிலிப் பூட்டு. பதினோராம் திகதி செவ்வாய்க்கிழமைதான் புதுப் போர்ட்டோட முதல் படகு ஏத்தினது. முதல் இழுவை எண்டபடியால் நானும் பாக்கப் போனனான். பத்தரை மணி இருக்கும். முனாப் நோன்பு திறக்கிறதுக்கு வாங்கின பேரீச்சம்பழப் பைக்கற்றை வின்ச் கொட்டிலில ஆணியில கொழுவி வச்சிட்டு, "தங்கச்சி, உங்கட புது மூளை வேலை செய்யுமோ, இல்லாட்டி நாங்கதான் தள்ளணுமோ?" எண்டு என்னைப் பகிடி பண்ணினவர். "நீங்கள் தள்ளிற வேகத்துக்கு ஹஜ்ஜுப் பெருநாளும் வந்திடும்" எண்டு நானும் சொன்னனான். எல்லாரும் சிரிச்சவை. அவர் என்னோட கதைச்ச கடைசிக் கதை அதுதான்.

பாயிஸ் பச்சையை அமத்தினவர். படகு ஒழுங்கா வந்தது. இருபது அடியில வேகம் குறைஞ்சது, நான் கண்ணால கண்டனான். வெள்ளைக் கோட்டைத் தாண்டினது. பாயிஸ் வழமை போல பெட்டியை விட்டு இடப்பக்கம் போனவர். முனாப் வலப்பக்கத்தில கட்டையைத் தூக்கிக்கொண்டு குனிஞ்சவர். அந்த நேரம் வின்ச்சின்ர சத்தம் மாறினது. மெதுவா இழுத்துக்கொண்டு வந்த வின்ச் எடுத்த எடுப்பில முழு வேகத்துக்குப் போனது. எனக்கு என்ன நடக்குது எண்டே விளங்கேல்ல. வண்டில் மூண்டு அடியில நிக்கேல்ல. ஆறு அடியில இருக்கிற இரும்புத் தடுப்பில போய் இடிச்சது. இடிச்ச பிறகும் வின்ச் விடாமல் இழுத்தது. கம்பிக்கயிறு அறுந்தது. படகு வண்டிலோட திரும்பக் கடலுக்கு ஓடினது. அறுந்த கயிறு முனாப்பில பட்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போற வழியிலேயே அவர் முடிஞ்சு போனார்.

இவ்விடத்தில் சாட்சிக்குத் தண்ணீர் கொடுக்கப்பட்டது. சாட்சி தொடர்ந்து கூறியதாவது:

பதின்மூண்டாம் திகதி சிவகுருநாதன் சேர் புரோகிராமைப் பிறிண்ட் எடுத்து, நிக்கவேண்டிய வரிக்குக் கீழ சிவப்பு மையால கோடு போட்டு என்னட்டத் தந்து, இதைப் பொலிஸில குடுங்கோ எண்டவர். குடுத்தனான். அதோட கொம்பைலர் செய்த கம்பனியின்ர கடிதமும் குடுத்தனான், இந்தக் கொம்பைலர் ஸ்டாண்டர்ட் சொல்லுற எல்லாப் பரிசோதனையிலயும் நூற்றுக்கு நூறு எடுத்தது எண்டு. சார்ஜன்ட் என்னட்டக் கேட்டவர், இந்த வரி இருக்கேக்க, திரும்ப ஒருத்தர் பச்சையை அமத்தாமல் வண்டில் மூண்டு அடிக்கு மேல போகுமோ எண்டு. நான் ஒரு செக்கன் கூட யோசிக்காமல் "போகாது" எண்டனான். அந்தச் சொல்தான் பிழை.

அதுக்குப் பிறகு என்ன நடந்தது எண்டு சார்ஜன்டுக்கே தெரியும். பாயிஸ் திரும்பப் பச்சையை அமத்திப்போட்டு, பெட்டியை விட்டுட்டுப் போனவர் எண்டு முடிவாச்சு. அவர் படிச்சுப் படிச்சுச் சொன்னவர், நான் அமத்தேல்ல, மெசின் தானா ஓடினது எண்டு. ஒருத்தரும் நம்பேல்ல. நானும் நம்பேல்ல. சிலிப் முதலாளி நோன்புக் களைப்பில கவனம் பிசகியிருக்கும் எண்டு சொன்னவர். அதை என்னட்டக் கேக்க, இருக்கலாம் எண்டு நானும் சொன்னனான். அதையும் வெட்டுங்கோ. நோன்புக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஒரு சாப்பாடும் விடாமல் சாப்பிட்ட நான் செய்த வேலை இது.

பதினெட்டாம் திகதி, கோட்டுக்கு ஒரு தொழில்நுட்ப அறிக்கை வேணும் எண்டதால, சார்ஜன்ட் முன்னிலையில சீல் வச்ச பெட்டியைத் திறந்து போர்ட்டில இருந்த பதிவை பென்டிரைவில பிரதி எடுத்தனான். வின்ச் எந்தச் செக்கனில எத்தினையாம் அடியில நிண்டது, எந்தப் பொத்தான் அமத்தினது எண்டு போர்ட் தானா எழுதிக்கொண்டு வரும். பத்தொன்பதாம் திகதி காலமை கந்தோரில அதைத் திறந்தனான். பாயிஸ் ரெண்டாந் தரம் பச்சையை அமத்தின வரியைத் தேடித்தான் திறந்தனான், பொய் சொல்லேல்ல. மூண்டு, ரெண்டு, ஒண்டு, பூச்சியம். அதுக்கு அடுத்த வரியில சய ஒண்டு இருக்கவேணும். இருந்தது இருநூற்றைம்பத்தஞ்சு.

எனக்கு முதல் சிரிப்புத்தான் வந்தது. சிலிப்பே நூற்றுப்பத்து அடி, இருநூற்றைம்பத்தஞ்சு எங்கால வந்தது எண்டு. அடுத்த வரி இருநூற்றைம்பத்துநாலு. பிறகு ஐம்பத்துமூண்டு, ஐம்பத்திரண்டு, ஐம்பத்தொண்டு. பிறகு இருநூற்றைம்பது, இருநூற்றைம்பது, இருநூற்றைம்பது. அப்பதான் விளங்கினது. அது வண்டில் இரும்புத் தடுப்பில முட்டிக்கொண்டு நிண்ட இடம். படகு மேல வந்து முடிஞ்சுது. மெசினோ படகு இன்னும் இருநூற்றைம்பது அடி கடலுக்குள்ள கிடக்குது எண்டு நினைச்சு, முழு வேகத்தில இழுத்திருக்கு. கையில இருந்த தேத்தண்ணி மேசை முழுக்க ஊத்துப்பட்டது. அதைத் துடைக்காமல் திரும்ப முதல் வரியில இருந்து வாசிச்சனான்.

ஏன் இப்பிடி எண்டு சொல்லுறன். அடியை வச்சிருக்கிறதுக்கு நான் புரோகிராமில பாவிச்ச சொல்லு கார் எண்டு ஒரு சொல்லு. ஒரு சின்ன இலக்கத்தை வைக்கிற ஆகச் சின்னப் பெட்டி அது. பழைய போர்ட்டில இடம் குறைவு, மிச்சம் பிடிக்கத்தான் அதைப் போட்டனான். அந்தப் பெட்டிக்குள்ள சய இலக்கமும் வருமோ, இல்லாட்டிப் பூச்சியத்துக்கு மேல மட்டும்தான் வருமோ எண்டு சட்டப் புத்தகம் முடிவு சொல்லேல்ல. கொம்பைலர் செய்யிறவர் தனக்கு வசதியானதை எடுக்கலாம், ஆனால் எதை எடுத்தவர் எண்டு தன்ர கையேட்டில எழுதி வைக்கவேணும், அவ்வளவுதான் சட்டம். பழைய கொம்பைலர் சயமும் வரும் எண்டு எடுத்தது. புதுக் கொம்பைலர் வராது எண்டு எடுத்தது. சயம் வராத பெட்டியில பூச்சியத்தில இருந்து ஒண்டைக் கழிச்சால், சுத்திக்கொண்டு போய் ஆகப் பெரிய இலக்கத்தில நிக்கும். அதுதான் இருநூற்றைம்பத்தஞ்சு. சயமே வராத இடத்தில சய மூண்டு வந்தால் நில் எண்டு நான் எழுதியிருக்கிறன். ஒருநாளும் நடக்காத காரியம் எண்டு சொல்லிக் கொம்பைலர் அந்த வரியையே மெசினுக்குக் குடுக்காமல் விட்டிட்டுது. பிறிண்டில வரி இருக்கு. வின்ச்சுக்குள்ள வரி இல்லை.

"அப்ப எந்தக் கொம்பைலர் சட்டத்தை மீறினது?" எண்டு சார்ஜன்ட் கேட்டார். ரெண்டும் மீறேல்ல. ரெண்டும் புத்தகத்தில சொன்னபடி அச்சொட்டா நடந்திருக்கு. நூற்றுக்கு நூறு எண்ட கடிதமும் உண்மை. சார்ஜன்ட் பேனையைக் கீழ வச்சிட்டு என்னைப் பாத்தவர். நானும் அப்பிடித்தான், மண்டைக்குள்ள ஏறாமல் ஒரு மணித்தியாலம் இருந்தனான். ஒன்பது வருசம் இந்த வேலை செய்யிறன், சட்டத்தைச் சரியாப் பின்பற்றினால் காணும் எண்டு நினைச்சுக்கொண்டு இருந்திருக்கிறன். சட்டம் வாய் திறக்காமல் விட்ட இடத்தில ஒரு மனுசன் செத்துப்போனார்.

அதுக்கு மருந்து என்ன எண்டு கேட்டார். கார் எண்ட சொல்லுக்கு முன்னால சைன்ட் எண்டு ஒரு சொல்லுப் போடவேணும், அவ்வளவுதான். போட்டால் எந்தக் கொம்பைலருக்கும் தன்ர இஷ்டத்துக்கு எடுக்க ஏலாது. "சைன்ட் எண்டால் கையெழுத்து வைச்சதோ?" எண்டு சார்ஜன்ட் கேட்டார். இல்லை ஐயா, சய அடையாளம் உள்ளது எண்டு கருத்து. நாலு வருசத்துக்கு முதல் அந்த ஒரு சொல்லை நான் எழுதாமல் விட்டனான்.

அண்டைக்கே பழைய மாதிரிப் போர்ட் ஒண்டு கந்தோர் அலுமாரியில கிடந்ததை எடுத்து, அதே புரோகிராமை ரெண்டு கொம்பைலரிலயும் மாத்தி ரெண்டு போர்ட்டிலயும் மேசையில ஓட்டிப் பாத்தனான். பத்துத் தரம். பழையது பத்துத் தரமும் சய மூண்டில நிண்டது. புதுசு பத்துத் தரமும் நிக்கேல்ல. ரெண்டு போர்ட்டையும் கொண்டு வந்திருக்கிறன், சான்றுப் பொருளா எடுத்துக்கொள்ளுங்கோ.

இனிச் சொல்லப்போறது எனக்குச் சொல்லக் கஸ்டம். பெப்ரவரி இருபத்தாறாம் திகதி கொம்பைலர் புரோகிராமை மாத்தித் தரேக்க அறுபத்துமூண்டு எச்சரிக்கை காட்டினது. எச்சரிக்கை எண்டால் பிழை இல்லை, ஒருக்காப் பாருங்கோ எண்டு சொல்லுறது. முதல் பத்தையும் வாசிச்சனான், எல்லாம் ஒண்டுக்கும் உதவாதது. பிறகு எச்சரிக்கை ஒண்டும் காட்டாதே எண்டு ஒரு கட்டளையை அடிச்சுப்போட்டு, திரும்ப மாத்தினனான். திரை துப்பரவா வந்தது. முந்தநாள்தான் அந்த அறுபத்துமூண்டையும் தேடி எடுத்து வாசிச்சனான். நாற்பத்தோராவது எச்சரிக்கை, நிக்கவேண்டிய அந்த வரியின்ர இலக்கத்தைச் சொல்லி, இந்த நிபந்தனை ஒருநாளும் உண்மையாக மாட்டாது எண்டு சொல்லியிருக்கு. கொம்பைலர் எனக்குச் சொல்லியிருக்கு ஐயா. வாயைப் பொத்து எண்டு நான்தான் சொன்னனான். ஒருத்தரும் என்னை அவசரப்படுத்தேல்ல, எனக்கு அலுப்பு, அவ்வளவுதான். ஒரு உயிர் என்ர அலுப்பில போச்சு.

அண்டைக்கே சிவகுருநாதன் சேரிட்டச் சொன்னனான். அவர், "கௌசிகா, நீங்கள் குடுத்த வாக்குமூலத்தில பொய் ஒண்டும் இல்லையே. வரி இருக்குத்தானே, கடிதமும் உண்மைதானே. கேட்டதுக்கு மறுமொழி சொன்னனீங்கள். திரும்பப் போனால் நீங்கள்தான் உள்ளுக்க போவீங்கள்" எண்டவர். அவர் கெட்ட மனுசன் இல்லை, பயத்தில சொன்னவர். எனக்கும் பயம்தான். எண்டாலும் அந்தக் கதை எனக்குப் பொறுக்கேல்ல. "சேர், கொம்பைலரும் இதைத்தானே சொல்லும்" எண்டு சொல்லிப்போட்டு வெளிக்கிட்டனான்.

அதுக்குப் பிறகு நேற்று வியாழக்கிழமை பகல் பஸ் எடுத்துக் கிண்ணியாவுக்கு, முனாப்பின்ர வீட்டுக்குப் போனனான். முனாப்பின்ர மனுசி லைலா, பாயிஸின்ர சொந்தத் தங்கச்சி. அவ புருசன் செத்ததுக்கு இத்தா இருக்கிறா, நாலு மாசமும் பத்து நாளும் வெளியில வரமாட்டா. அண்ணனால புருசன் செத்தது எண்டு நினைச்சு, பாயிஸின்ர வீட்டாக்களை வாசலுக்கும் எடுக்கேல்லையாம். சிறையில இருந்து பாயிஸ் சொல்லி அனுப்பின சலாத்துக்கும் மறுமொழி குடுக்கேல்லையாம். நான் யார் எண்டு சொல்லி, நடந்ததைச் சொன்னனான். அவ என்னைத் திட்டுவா, அடிப்பா எண்டு நினைச்சுத்தான் போனனான். ஒண்டும் செய்யேல்ல. பிறகு, "அப்ப என்ட காக்கா அந்த நேரம் என்ன செஞ்சாரு?" எண்டு மட்டும் கேட்டா. காக்கா எண்டு அவ சொன்னது தமையனை.

அப்பதான் எனக்கு ஞாபகம் வந்தது. ஞாபகம் வந்தது எண்டு சொல்லுறதும் சரியில்லை, எப்பவும் தெரியும், ஒருத்தரும் கேக்கேல்ல எண்டு சொல்லாமல் விட்டிருந்தனான். வின்ச் வேகம் எடுத்த உடன பாயிஸ் கையில இருந்த கட்டையை எறிஞ்சுபோட்டு, "மச்சான், கட்டையை விடு! ஓடு மச்சான்!" எண்டு கத்திக்கொண்டு பெட்டிக்கு ஓடினவர். போர்ட்டின்ர பதிவிலயும் அது இருக்கு. பச்சை அமத்தினது ஒரேயொரு தரம், தொடக்கத்தில. சிவப்பு அமத்தினது பத்து நாற்பத்திரண்டும் பதினேழாம் செக்கனில. கயிறு அறுந்தது பதினாறாம் செக்கனில. ஒரு செக்கன் பிந்திட்டார்.

"அவரு அதைக் கேட்டாரா?" எண்டு லைலா கேட்டா. கேட்டவர். நான் பாத்தனான். முனாப் தலையை நிமித்தி பாயிஸ் நிண்ட பக்கம் திரும்பினவர். ஆனால் கட்டையை விடேல்ல. சில்லுக்குக் கீழ அதைத் தள்ளிப் படகை மறிக்கத்தான் பாத்தவர். இதைச் சொன்னவுடன அவ அழத் தொடங்கிட்டா, நானும் அழுதனான். போகேக்க என்ர கையைப் பிடிச்சு, "எங்க காக்கா கத்தினதை எழுதிக் குடுங்க, ஒரு எழுத்தும் விடாம எழுதிக் குடுங்க" எண்டு சொன்னா. அதுக்காகத்தான் என்ர சொல்லை மாத்தாமல் எழுதுங்கோ எண்டு சார்ஜன்டோட இவ்வளவு சண்டை பிடிச்சனான். குறை நினைக்கவேண்டாம்.

எனக்குத் தெரிஞ்சவரையில பாயிஸில ஒரு பிழையும் இல்லை. அவர் நான் சொல்லிக் குடுத்தபடி நடந்தவர். நிப்பாட்டும் எண்டு நான் சொன்ன மெசின் நிப்பாட்டேல்ல. இதுக்கு எனக்கு எதிராக வழக்கு வந்தால் முகம் குடுப்பன்.

மேற்படி வாக்குமூலம் சாட்சிக்கு வாசித்துக் காட்டப்பட்டது. திருத்தம் ஏதும் உண்டா என வினவப்பட்டது. உண்டு எனச் சாட்சி கூறியதாவது:

"மச்சான்" எண்டு எழுதியிருக்கிறீங்கள். அது சரி, ஆனால் காணாது. இது சிங்களத்துக்குப் போகும். அங்க மச்சாங் எண்டால் சும்மா சினேகிதன். தமிழிலயும் மனுசியின்ர தமையனாவும் இருக்கலாம், மாமியின்ர மகனாவும் இருக்கலாம், தெருவில போறவனாவும் இருக்கலாம். மொழிபெயர்க்கிறவர் தனக்கு வசதியானதை எடுப்பார், அதில பிழையும் இல்லை. அவருக்கு அந்த இடத்தை விடாதேங்கோ. மச்சான் எண்டது, பாயிஸோட கூடப்பிறந்த ஒரே தங்கச்சி லைலாவின்ர புருசன் முனாப் எண்டு, மச்சான் எண்ட ரெண்டு இடத்திலயும் பக்கத்தில எழுதுங்கோ.

அவ்வாறே இரண்டு இடத்திலும் பக்க ஓரத்தில் எழுதிச் சேர்க்கப்பட்டது. அதற்குப் பிறகு சாட்சி கூறியதாவது: போன தரமும் சொன்னதெல்லாம் உண்மை எண்டுதான் கையெழுத்து வச்சனான். இந்த முறை அப்பிடி எழுதவேண்டாம். மேல சொன்னதெல்லாம் உண்மை, கேக்காமல் விட்டதையும் சொல்லியிருக்கிறன், தெரிஞ்சு ஒண்டும் விடேல்ல எண்டு எழுதுங்கோ.

எழுதப்பட்டது. வாசித்து விளங்கி, சரியென ஏற்றுச் சாட்சி எல்லாப் பக்கங்களிலும் கையொப்பமிட்டார்.

(ஒப்பம்) தி. கௌசிகா

பதிந்தவர்: பொ.சா. பாக்கியரத்தினம். நேரம் முற்பகல் 11.50.